கலெக்டர் வந்து தங்கிய வீடுகள்

பின்லாந்துக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் மகளின் பைவாகோட்டியில் என் கையில் ஒரு கரடியைக் கொடுத்தார்கள். பைவாகோட்டி என்றால் நம் ஊர் பால்வாடிதான். கட்டிடம் பெரிது, அவ்வளவே. கரடி பஞ்சு அடைத்த பொம்மை. கூடவே ஒரு துணிப்பையில் அதற்கென்று சின்னப் போர்வையும் பல் துலக்கும் பிரஷ்ஷும் இருந்தன. இந்த வாரம் இவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று ஆசிரியை ஹன்னா சொன்னதை, இனியாவுக்குப் பிறந்தநாள் பரிசு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. பரிசு வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? அழுக்காகாமல் காப்பாற்றுவோம். புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே அதில் வருடக்கணக்கில் உட்காருகிற வம்சம் நாம். நானும் கரடியை நல்ல கவர் ஒன்றில் போட்டு முடிச்சுப் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். தாம்பெரே நகரத்தில் நின்றுபோன லிஃப்டுகளை ஓடவைப்பது என் பிழைப்பு. என் மனைவி அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ்.

திங்கட்கிழமை ஹன்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கரடிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார். இல்லை, ரொம்பப் பத்திரமாக இருக்கிறது, மிக்க நன்றி என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறை நன்றி சொன்னேன். பிறகு அவரே நிதானமாக விளக்கினார். கரடி பரிசு இல்லை, விருந்தாளி. வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தங்கும். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, கரடி தன் வீட்டில் என்னென்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இனியா அன்று காலை உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்: அப்பா அவரைக் கவரில் கட்டி மேலே போட்டுவிட்டார். அத்துடன் கதை முடிந்துவிட்டது.

இதற்குப் பெயர் படிப்பா என்று வீட்டுக்கு வந்து முணுமுணுத்தேன். நான் படித்தது ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி எங்கள் ஊர்ப் பள்ளியில். அங்கே படிப்பு என்பது கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைப்பதில் தொடங்கும். பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. மலையில் ஆடு மேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து கூவுகிற நாங்கள், வகுப்பில் மட்டும் கல்லாய்ச் சமைந்திருப்போம். இங்கே ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் ஆசிரியைக்குக் கவலை வந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரிக்கு முன்னால், இனியா அந்த வட்டத்தில் ஒரு வருடமாக பின்னிஷ் மொழியில் வாயே திறக்கவில்லை. அதனால்தான் கரடியை அவளிடம் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை கரடி வந்தபோது நான் ஒழுங்காக நடந்துகொண்டேன். அது தோசை தின்றது, பஸ்ஸில் வந்தது, என் ஸ்பேனர் பையின் மேல் தூங்கியது. அந்தத் திங்கட்கிழமை இனியா பேசத் தொடங்கியவள், பழம் கொடுக்கிற நேரம் வரை நிறுத்தவில்லையாம். ஹன்னா இடையிடையே "யா சித்தென்?" என்று மட்டும் கேட்பாராம். அப்புறம்? என்று அர்த்தம்.

இதை அக்காவுக்கு போனில் சொன்னேன். மல்லிகா அக்கா எங்கள் ஊர் பால்வாடியில் வேலை செய்கிறாள். அவளுடைய தலைவலி எனக்குத் தெரியும்: மதியம் சாப்பாடும் முட்டையும் ஆனதும் பாதிப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும், சாமை அறுப்பு, புளி உலுக்கல் என்று வந்துவிட்டால் காலையிலேயே வராது. கரடிக் கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "பொம்மைக்கு நான் எங்கடா போவேன்? அப்பிடியே குடுத்தனுப்புனாலும் மறுநாளு நாய் வாயிலதான் பாக்கணும்" என்றாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து அவளே கூப்பிட்டு, எங்கள் வீட்டுச் செவலைக் கோழியை அனுப்ப ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள்.

அந்தக் கோழிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கலெக்டர். வீடு வீடாகப் போய்ப் பார்வையிடுகிறதே, அதனால். சாயங்காலம் ஒரு பிள்ளை அதைக் கூடையில் வைத்து எடுத்துப்போகும். காலையில் கொண்டுவந்து, கலெக்டர் எங்கள் வீட்டில் என்ன தின்றார், எங்கே படுத்தார், யாரைக் கொத்தினார் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அக்கா அதிலிருந்தே பாடத்தை எடுத்துக்கொண்டாள். கோழி தின்ற தானியம் எது என்று ராகியையும் சாமையையும் தினையையும் தனித்தனியாகப் பிரிப்பது. முட்டை இட்டால் எண்ணுவது. ஈர மண்ணில் அது நடந்த தடத்தைப் பார்த்து விரலால் அதேபோல் வரைவது. கோடு போட வராத கைகள் கோழிக்காலை வரைந்து வரைந்து எழுத்துக்குப் பழகிவிட்டன. எல்லாவற்றையும்விட முக்கியம், தன் முறை தவறிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் தினமும் வந்தார்கள்.

அடுத்து வந்த மார்கழியில் இனியாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. போன மறுநாளே இனியா அத்தையின் பால்வாடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கதைப் புத்தகத்திலிருந்து பிடித்த அவளுடைய தமிழைக் கேட்டு மலைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தன. "வாருங்கள்" என்று அவள் சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி விளையாடுவார்கள். அவளோடு ஒட்டிக்கொண்டது கோபிகா. அவளும் ஐந்து வயதுக்காரி, வாயில்லாப்பூச்சி, கோழி வந்த பிறகுதான் வகுப்பில் அவள் குரலையே கேட்டோம் என்று அக்கா சொன்னாள். கோபிகாவின் அப்பா கோவிந்தனும் அம்மாவும் தை பிறந்ததும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போகிறவர்கள். போன வருடம் அவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த வருடம்தான், பால்வாடிக்கு ஒழுங்காகப் போகிறாளே, ஊரிலேயே கோபிகாவின் அத்தை ஒருத்தி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அக்காவின் நச்சரிப்புக்கு இறங்கிவந்திருந்தார்கள். ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

கோபிகாவின் முறை வந்தது. கோழியைக் கூடையில் வைத்து வாங்கிப்போனாள். மறுநாள் காலை கூடை மட்டும் வந்தது. கலெக்டர் எங்கே என்று அக்கா கேட்க, "கொழம்பு வெச்சிட்டாங்க" என்றாள் கோபிகா. மலைப் பிள்ளைகள் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். பிறகு, கால் யாருக்கு வந்தது, ஈரல் யார் தின்றது என்று கேட்க ஆரம்பித்தார்கள். கோழி வளர்ப்பதும் அது ஒருநாள் அடுப்புக்குப் போவதும் அவர்கள் வீடுகளில் நடக்கிற காரியம். அழுதது என் மகள். விம்மி விம்மி, பின்னிஷும் தமிழுமாகக் கத்தி, "நீ கெட்ட பெண், நம் ஃப்ரெண்டைச் சாப்பிட்டுவிட்டாய்" என்று விரலை நீட்டிவிட்டாள். கோபிகா கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. புள்ள போகமாட்டேங்குது, அப்புறம் எதுக்கு இங்க வுட்டுட்டுப் போறது, கூடவே கூட்டிட்டுப் போயிர்றோம் என்று கோவிந்தன் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது.

அக்காவுக்கு என் மேல் கோபம். வாயால் சொல்லவில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில் தெரிந்தது. எனக்கு என் மகள் மேல் கோபம். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தாம்பெரே கடையில் பெட்டியில் அடுக்கி வாங்கிவருகிறோமே, அது மரத்தில் காய்த்தது என்று நினைத்தாயா என்று கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் அவள் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றது கலெக்டரின் தங்கச்சி என்றும் சொன்னேன். கொஞ்சம் கொடுமைதான். அவள் மதியம் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். சாயங்காலம் நானும் அக்காவும் கோவிந்தன் வீட்டுக்குக் கிளம்பியபோது, கூப்பிடாமலே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கோவிந்தன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். பாய் விரித்தான், மனைவியைக் காப்பி போடச் சொன்னான். அக்கா தாய்மார்களைக் கூட்டிவைத்து கோழி விஷயத்தை விளக்கிய சமயம் இவர்கள் இருவரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். "எங்களுக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா. முன்ன ஆடு குடுத்தாங்க. இப்ப கவர்மெண்டு கோழி குடுக்குறாங்க, அத்த பால்வாடி வழியா அனுப்புறாங்கன்னு நெனச்சிக்கினோம். மச்சான் வேற வந்துட்டாரு. வூட்ல ஒண்ணும் இல்ல" என்றான். சொல்லும்போது அவன் கண் தரையைவிட்டு மேலே வரவே இல்லை. எனக்கு அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆசிரியை பிள்ளையிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் அது நமக்கு வந்தது என்று நானும்தான் நினைத்தேன். என் கரடி நாம் தின்கிற சாதியாக இருந்திருந்தால் பீரோ மேல் ஏறியிருக்காது.

பதிலுக்கு ஒரு பெட்டைக்கோழி தருகிறேன் என்றான். கோழி கிடக்கட்டும், புள்ளைய அனுப்பு என்றாள் அக்கா. அவன் உள்ளே பார்த்தான். கதவுக்குப் பின்னால் கோபிகாவின் பாவாடை தெரிந்தது. அக்கா கூப்பிட்டும் வரவில்லை, அம்மா அதட்டியும் வரவில்லை. இனியா எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற தன் தமிழில் கேட்டாள்.

"கோபிகா, கலெக்டர் உங்கள் வீட்டில் என்ன செய்தார்? நீ இன்னும் சொல்லவே இல்லை."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது. கலெக்டர் ராகி தின்னாங்களாம். உரல் மேலே ஏறினாங்களாம். பூனையைத் துரத்திக்கொண்டு போனாங்களாம். இனியா ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் அப்பா புடிக்க வந்தாரு. அவரு கையில சிக்கல. மாமா கையிலயும் சிக்கல. எங்கிட்டதான் வரும். வான்னேன், வந்திச்சி. நாந்தான் புடிச்சிக் குடுத்தேன்."

கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று நாளாக அந்தக் குழந்தை எதைச் சுமந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. என் மகள் அடுத்த "அப்புறம்" கேட்காமல் எழுந்து உள்ளே போனாள். இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அக்கா என்னை நெருங்கவிடவில்லை. காப்பி ஆறிப்போய், நாங்கள் குடித்து முடித்து, இருட்டத் தொடங்கியபோது கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் கோபிகா அந்தப் பெட்டைக்கோழியோடு வந்தாள். கலெக்டரைவிடச் சின்னது என்பதால் தாசில்தார் என்று பெயர் வைத்தார்கள். அதே வாரம் அக்கா எல்லா வீட்டுக்கும் நடந்து, இது அறுக்கிற கோழி இல்லை, படிக்கிற கோழி என்று சொல்லிவிட்டு வந்தாள். கோபிகா வகுப்பில் வாயாடியாகிவிட்டாள். கோவிந்தன் பேச்சை மாற்றிக்கொண்டான். புள்ள இருக்கட்டும், படிக்கட்டும் என்றான். அக்கா ஜெயித்துவிட்டாள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். ஒரு பிள்ளையைப் படிப்பில் இருத்திவைப்பதற்கு நாங்கள் கண்ட வழியின் மறுபக்கம் எனக்குப் பொங்கல் கழிந்து ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுதான் தெரிந்தது.

பெங்களூரில் விமானம் ஏற நாங்கள் வாணியம்பாடி பஸ்ஸைப் பிடித்தோம். அதே பஸ்ஸில் கோவிந்தனும் மனைவியும் அரிசிப்பையும் பாத்திரச் சாக்குமாக ஏறினார்கள். வாணியம்பாடியில் மேஸ்திரியின் வேன் நிற்குமாம், அங்கிருந்து குடகுக்கு. கோபிகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அழவில்லை. காலையில் யார் முறை என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தபோது அவள் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வளைவு திரும்பும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மூவர் உட்காருகிற சீட்டில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கோவிந்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்க ஊருல வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள கூட வெச்சிக்கலாமாண்ணா?" என்று கேட்டான்.

வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். அப்ப நல்ல ஊருதாண்ணா என்றான். அவன் மகள் அவனுடைய மலையில் இருக்கிறாள், அவனோடு இல்லை. என் மகள் என்னோடு இருக்கிறாள். இந்த மலையில் அவளுக்குக் கிடைத்தது ஒரு மாதம். இதில் யாருக்கு லாபம் என்று கணக்குப் போடத் தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் இனியா தூங்கிப்போனாள். பஸ் ஒவ்வொரு முறை சாயும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, தலை கோபிகாவின் அம்மா மடியிலும் கால்கள் என் மடியிலுமாகக் கிடந்தாள். பாரமாக இருக்குமே என்று தூக்கப் போனேன். அந்தப் பெண் என் மகளின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எறங்குற வரைக்கும் இருக்கட்டும்ணா."