கொக்கும் கோக்கும்

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர் கோட்டை கட்டி ஆண்ட நாளில், கோட்டைக்குப்பத்து நீலமேகம் ஏடு தொட்டவனல்ல. கப்பல் சரக்கைத் தன் படகில் ஏற்றி இறக்கியே அவர்கள் பாஷையைப் பிடித்தவன். "என் காதே எனக்குப் பள்ளிக்கூடம்" என்பான். வெறும் வாய்ச்சவடால் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கோட்டையில் இரு பாஷையும் பேசும் துபாஷி வேலை காலியானது. நீலமேகம் போய்க் கேட்டான். திருப்பாலைவனத்து வேதாசலமும் ஏட்டுக் கட்டோடு வந்து நின்றார். கோட்டைத் தலைவராய்ப் புதிதாய் வந்த கப்பித்தான் நீலமேகத்திடம் சொன்னார்: "நாளைக் காலை உன் குப்பத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்வேன். நீ அதைத் தமிழில் சொல். உன் ஜனம் சிரித்தால் வேலை உனக்கு. சிரிக்காவிட்டால் அவருக்கு."

வலை உலர்த்தும் மணலில் கூட்டம் கூடியது. கப்பித்தான் நெட்டை ஆள். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. தன் பாஷையில் கதையைத் தொடங்கினார். ஒரு நரி சாமியார் அங்கி மாட்டிக்கொண்டு வாத்துகளுக்கு உபதேசம் செய்ததாம். கண்மூடிக் கேட்ட வாத்துகளை ஒவ்வொன்றாய் விழுங்கியதாம். சொல்லிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்தார்.

அங்கி போட்ட நரியை இங்கே கண்டவர் யார்? நீலமேகம் நரியை அப்படியே தூக்கி ஏரிக்கு அப்பால் போட்டான்.

"ஒரு கொக்கு. வெள்ளை வெளேர்னு. ஒத்தக் கால்ல தவம் பண்ணுது அந்தக் கொக்கு. மடவை மீனுங்க வந்து, 'சாமி, நல்ல வாக்கு சொல்லு'ன்னுதுங்க. 'கிட்ட வா, காதுல சொல்றேன்'னுது கொக்கு. மீனுக்கு ஏது காது? கிட்டப் போச்சு. லபக்!"

மீன்கூடைக்கார வேலம்மா கப்பித்தானை மேலும் கீழும் பார்த்தாள். "கொக்கை இன்னாத்துக்குடி ஏரியில தேடுறீங்க? தோ, இந்தக் காலைப் பாருங்க!"

குப்பமே மணலில் புரண்டது.

கப்பித்தான் நீலமேகத்தின் தோளைப் பிடித்தார். "கோக், கோக் என்றாயே! நரிக்குப் பதில் கோட்டைக் கோக்கையா போட்டாய்?" அவர்கள் பாஷையில் கோக் என்றால் சமையல்காரன்.

கொக்கு என்று விளக்கினால் காலுறை சங்கதியும் வெளியே வரும், வேலை போகும். நீலமேகம் கண் சிமிட்டாமல் சொன்னான்: "ஆமாம் துரை. வாத்தை விழுங்க அவரைவிட ஆள் யார்?"

கப்பித்தானுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நரியைவிட இதுதான் பொருத்தம்!"

வேலை நீலமேகத்துக்கு. கதை கோட்டை அடுப்படிக்கும் எட்டியது. அன்றுமுதல் சமையல்காரன் மட்டும் அவன் கஞ்சியில் உப்புப் போடவில்லை.

ஆறு மாதம் கழித்துப் உலாந்தாக்காரரின் பத்தாவியாத் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு அதிகாரி, புதுக்கதை என்று சொல்லி, வாத்துகளுக்கு உபதேசம் செய்த சமையல்காரன் கதையைக் குப்பத்தாருக்குச் சொல்லும்படி நீலமேகத்திடம் சொன்னார்.

நீலமேகம் தொண்டையைச் செருமினான். "ஒரு கொக்கு..."

வேலம்மா குனிந்து அதிகாரியின் காலைப் பார்த்தாள்.