சுவர் விழுங்கிய பங்களாக்காரனும் கண்ணாடிக்கடை முதலாளியும்

மத்தியானக் காட்சி. திரையில் பங்களாக்காரன் அலறிக்கொண்டிருந்தான். "கறுப்புத்தோலுக்கெல்லாம் என் வீட்டு வாசல்ல என்ன வேலை?" என்று ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசியவன் அவன். இப்போது அந்தச் சுவரே வாயைப் பிளந்து அவனை இழுத்துக்கொண்டிருந்தது.

"விடாத! காலைப் பிடிச்சு இழு!" என்று சீட்டை விட்டே எழுந்து கத்தினான், கண்ணாடிக்கடைக்காரியின் புருஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள். அவள் படத்தை விட்டுவிட்டு அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரி என்றால் கடை அவளுடையது இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், தெருவில் அப்படிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பல வருஷமாக முன்பக்கம் நின்று, யார் மூஞ்சிக்கு எந்த ஃபிரேம் என்று வாய் ஓயாமல் சண்டை போட்டு விற்கிறவள். போன வாரம் முதலாளி கடையை வெள்ளை வெளேர் என்று மாற்றினார். சிவப்பாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். இவளிடம், "முன்னாடி கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்மா. உங்க ஆளுங்களுக்கு உள்வேலைதான் நல்லா வரும்" என்றார். உள்ளே என்றால் ஜன்னல் இல்லாத, ஃபேன் இல்லாத, லென்ஸ் தேய்க்கிற மிஷின் இரைகிற பொந்து.

வீட்டுக்கு வந்து சொன்னதற்கு இந்தப் புருஷன் என்ன சொன்னான்? "அவரு அந்த அர்த்தத்துல சொல்லியிருக்க மாட்டாருடி." அக்காவுக்குப் போன் போட்டால், "உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்." யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

படம் விட்டு நடக்கும்போது அவனுக்கு ஒரே குறை. "சட்டுனு கொன்னுட்டாங்க. இன்னும் கொஞ்சம் கதற விட்டிருக்கணும்."

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். "ஏங்க, அந்த ஆளு கெட்டவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னடி கேள்வி இது? நம்ம கண்ணு முன்னாடிதானே சொன்னான்!"

"அதான். கொட்டகையே பாத்துச்சு. 'அவரு அந்த அர்த்தத்துல சொல்லலை'ன்னு ஒருத்தரும் குறுக்க வரலை. பேய்க்கு என்னங்க, நேரா வந்து காலைப் பிடிச்சு இழுத்தாப் போதும். நான் முதல்ல உங்களை நம்ப வைக்கணும், அப்புறம் எங்கக்காவை நம்ப வைக்கணும். அதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும்."

கொலை பார்க்கவா அவள் பேய்ப்படத்துக்குப் போகிறாள்? கோழி அறுப்பதையே அவளால் பார்க்க முடியாது. அந்த இருட்டில்தான் யாரும் அவளிடம் சாட்சி கேட்பதில்லை. நியாயம் பேசிப் பேசித் தொண்டை வறண்டவளுக்கு அது போதாதா?

"நாளைக்குக் கடைக்கு வாங்க. கண்ணு டெஸ்டுக்கு வந்தவர் மாதிரி உக்காருங்க."

"எனக்கு வேலை இருக்கே…"

"ஒரு நாள் லிஃப்ட் நின்னா ஜனங்க படியேறுவாங்க. வாங்க!"

மறுநாள் அவள் உள்ளே போகவில்லை. பழையபடி முன்னால் நின்றாள். புருஷன் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதலாளிக்கு அவனை அடையாளம் தெரியாது. ஒரு அம்மாள் ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போகலை?" என்றார் முதலாளி.

"ஏன் சார் போகணும்?"

"அதான் சொன்னேனே."

"எனக்குப் புரியலை. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

முதலாளி அந்த அம்மாளைப் பார்த்து இளித்தார். "கஸ்டமருக்கு முகம் பிடிக்கணும்ல. உங்க ஆளுங்க முகம்…"

"முடிச்சுடுங்க சார். எங்க முகத்துக்கு என்ன?"

புருஷன் கண்ணிலிருந்து கையை எடுத்தான். அந்த அம்மாள் ஃபிரேமைக் கழற்றி வைத்தாள். "நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று எழுந்து போயே விட்டாள். வாசலில் இன்னும் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி சரி, இங்கயே நில்லு. இப்ப எதுக்குக் கத்தற?"

"இன்னைக்கு மட்டுமா சார்?"

"நில்லுன்னு சொல்லிட்டேன்ல!"

எந்தச் சுவரும் பிளக்கவில்லை. முதலாளி மன்னிப்பும் கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பொந்துக்குள் போனவர், புழுக்கம் தாங்காமல் உடனே வெளியே வந்தார். முதலாளி புதிதாகக் கொண்டுவந்த பெண் நகர்ந்து இவளுக்கு இடம் விட்டாள்.

சாயங்காலம் கடை வாசலில் காத்திருந்த புருஷன், "சொன்னான்டி! என் காதால கேட்டேன்!" என்றான்.

"அப்ப போன வாரம் நான் சொன்னது? அதை நான் மட்டும் வேற யாரு காதால கேட்டேன்?"