ஒட்டாமல் நின்ற கோடு

பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றைக் கிழித்துத் தைத்து, மணல் நிரப்பிய சின்ன மூட்டை. பாவாவின் வலது மணிக்கட்டின்மேல் அது உட்கார்ந்திருக்கும். பாவா என்றால் என் அக்காவின் கணவர். நடுக்க நோய் வந்தபின், மௌஸ் பிடிக்கும் கை ஓடாமல் இருக்க அக்கா கண்டுபிடித்த வைத்தியம் அது. டாக்டரின் மாத்திரையைவிட அதற்குத்தான் பாவாவிடம் மரியாதை அதிகம்.

திருத்தணி மலையடிவாரத்து வீட்டின் முன்னறையில் அவர் விசைத்தறிகளுக்கான சர்க்யூட் போர்டுகளை வரைந்துகொண்டிருந்தார். நூல் அறுந்ததும் தறியை நிறுத்துகிற போர்டு. வரைய உதவியது ஓர் இலவச மென்பொருள். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. அதில், இணைப்புக் கம்பியைக் குறிக்கும் கோட்டை இழுத்துக்கொண்டுபோய் சிப்பின் கால் நுனியில் அச்சாக வைக்க வேண்டும். கடுகளவு தள்ளி நின்றாலும் தொட்டதுபோலத்தான் தெரியும், தொட்டிருக்காது. தப்பைச் சுட்டிக்காட்டும் வசதியும் உண்டு, எறும்புகள் படிக்கிற எழுத்தில். அப்படி ஒட்டாத ஒரு கோட்டோடு தயாராகி வந்த போர்டு ஒன்று உயிரில்லாமல் கிடந்தது.

அதற்கடுத்த போர்டுதான் கடைசி என்று பாவா சொல்லிவிட்டார். மௌஸை நான் பிடிக்கிறேன் என்றேன்.

"நீ புடிச்சா அது உன் போர்டு மச்சான். இத என் கையாலதான் முடிப்பேன்."

"கை சொன்ன பேச்சு கேக்கலியே பாவா."

"கேக்கும், கேக்கும். உங்க அக்காவே இப்பதான் கேக்க ஆரம்பிச்சிக்கிறா."

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஆங், கேட்டுகினுதான் இருக்கேன். வாய இழுக்காம கோட்ட இழுங்க."

ஆடிக் கிருத்திகையன்று தெருவெல்லாம் காவடி. பாவா ஒரே கோட்டோடு காலையிலிருந்து மல்லுக்கட்டினார். கோடு காலருகே போகும், துள்ளும், பக்கத்துக் காலில் ஏறும். "மலை ஏறுறவனுக்குப் படி கட்டி வெச்சிக்கிறானுங்க. இந்த முனைக்குப் போய்ச் சேர ஒரு வழி வெக்கலியே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கும் சிரித்துவைப்பதே என் பிழைப்பாக இருந்தது.

அன்று மாலையே அந்த மென்பொருள்காரர்களின் இணையப் பக்கத்தில் எழுதினேன். கோடு அருகில் வந்ததும் கால் பெரிதாக ஒளிர வேண்டும், கோட்டைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு இந்தச் சிரமம் என்று ஒருவர் கேட்டார். ஒருவருக்கு, ஆனால் அவர் என் அக்கா கணவர் என்று பதில் எழுதினேன். நல்ல மனிதர்கள், யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு பெண்மணி, தன் அப்பாவுக்கும் கை நடுங்கும் என்று சொல்லி வேலையை எடுத்துக்கொண்டார். பிறகு அந்த ஒளி மஞ்சளா பச்சையா என்று பெரிய விவாதம். நான் பச்சைக் கட்சி. வண்ணங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களையெல்லாம் துணைக்கழைத்து, வாரக்கணக்கில் வாதாடினேன். மஞ்சள் கட்சி பின்வாங்கத் தொடங்கியபோது பாவாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. பச்சைதான் வென்றிருந்தது. இப்படி ஒரு வெற்றி எந்த எதிரிக்கும் வேண்டாம்.

"அந்தப் போர்டு கேட்ட தறிக்காரரு இன்னும் காத்துகினு இருக்காருடா. முடிச்சிக் குடுத்துடு" என்றாள் அக்கா.

பாவா விட்டுப்போன படத்தைக் கணினியில் திறந்தேன். மிச்சமிருந்தது அந்த ஒரு கோடுதான். பக்கத்தில் கொண்டுபோனதும் கால் பச்சையாக ஒளிர்ந்தது. கோடு தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

பின்னால் நின்ற அக்கா கேட்டாள்: "முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சிக்கா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இருந்தா சிரிச்சிகினு இருப்பாரு. நீ கெளம்பினதும் இது முன்னாடியே ஒக்காந்து அழுவாருடா, நான் பாக்கலன்னு நெனச்சிகினு. இந்த ஒரு கோட்டுக்காடா?"