மாரிசெல்வி பார்த்த துப்பாக்கி

என்னோடு அறையில் தங்கியிருந்த மாரிசெல்விக்குப் பொழுதுபோக்கு, போர்க்காலப் படங்களில் துப்பாக்கி பார்ப்பது. சுங்குவார்சத்திரத்தில் எங்களோடு போன் கம்பெனியில் வேலை செய்த மற்ற பெண்கள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சீரியல் பார்ப்பார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். இவள் யார் யாரோ இணையத்தில் போடும் பழைய பட்டாளத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இது இன்ன துப்பாக்கி, இது தோட்டாப் பை என்று பதில் எழுதிக்கொண்டிருப்பாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

"கம்பெனி லைன்ல போனப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போறது போதாதா?" என்பேன்.

"அங்க ஒரே போனையேல்லா பாக்கேன். இங்க ஒவ்வொண்ணும் வேற வேறக்கா."

தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவாள். அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. அந்தக் குணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

2013இல் கல்லறைத் திருநாள் நெருங்கியபோது, வீட்டுக்காரம்மா சூசையம்மாள் ஒரு படத்தோடு மாடியேறி வந்தார். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்; திரும்பவில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. இப்போது அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவரின் பேரன், வேலூரிலிருந்து, வீட்டில் கிடந்த பழைய நெகட்டிவுக்குப் பிரதி போட்டு அனுப்பியிருந்தான். துப்பாக்கியோடு நிற்கும் ஒரு சிப்பாய். இவர்தான் உங்கள் அப்பாவாக இருக்கும் என்று சொல்லியிருந்தான்.

அதை அம்மாவின் கல்லறையில் வைத்து மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று சூசையம்மாளுக்கு ஆசை. தாய்மாமன் சின்னப்பராஜ் குறுக்கே நின்றார். எண்பதைத் தாண்டியவர். அப்பாவை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

"மாமாவுக்கு மச்சம் வலது கன்னத்துல. இந்தாளுக்கு இடது கன்னத்துல கீது. எங்க அக்கா கல்லறைல எவனோ ஒருத்தன் படத்த வைப்பியா நீ?" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"நீதான் படம் பாத்துச் சொல்றவளாச்சே. இது எங்கப்பாதான்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்லிடும்மா" என்று சூசையம்மாள் மாரிசெல்வியின் கையைப் பிடித்தார்.

"துப்பாக்கியச் சொல்லுவேன். ஆளைச் சொல்லத் தெரியாதும்மா."

அவர் முகம் செத்துப்போயிற்று. படத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் இவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

"பின்னால தெரிஞ்சா, ரெண்டாந்தடவையும் அப்பாவப் பறிகொடுப்பாகளே அக்கா" என்றாள்.

மறுநாள் எங்களுக்கு விடுமுறை. காலையிலிருந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கீழே ஓடினாள். நானும் ஓடினேன். சின்னப்பராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, இது த்ரீ நாட் த்ரீ. தோட்டா ஏத்துற கைப்பிடி இதுக்கு வலப்பக்கந்தான் இருக்கும். படத்துல இடப்பக்கம் இருக்கு. இடது இடுப்புல தொங்க வேண்டிய கத்தியும் வலது இடுப்புல தொங்குது. நெகட்டிவத் திருப்பி வச்சுப் பிரதி போட்டுட்டாக. படமே இடம் வலமா மாறிக் கிடக்கு."

"அதுக்கோசரம் இவரு மாமான்னு ஆயிடுமா?"

"ஆகாது. மச்சம் வலது கன்னத்துக்கு வந்துரும், அம்புட்டுதான். ஆளு யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த நேரத்திலும் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை அவள்.

கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, படத்தை அதற்கு நேராகப் பிடித்தாள். கிழவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். கண்ணாடிக்குள் துப்பாக்கியும் கத்தியும் மச்சமும் பக்கம் மாறியிருந்தன. குனிந்தவர் நிமிரவே இல்லை.

"மாமா" என்றார். பிறகு, "இம்மாஞ் சின்னப் புள்ளயா நீ?" என்று அழ ஆரம்பித்தார்.

சூசையம்மாள் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளிக்க மாமா. எங்கப்பாவ நான் இன்னும் பாக்கல."