டஸ்ட் என்று பெயர் வைத்த இருமல்

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் யார் இருமினாலும் ‘டஸ்ட்’ என்றுவிடுவார்கள். சுரங்கத்துக் கல்தூசி நெஞ்சில் படிந்து வரும் நோய் அது. யாருக்கும் ஒட்டாது. அதனால் டிபி வந்தவர்களும் அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொண்டார்கள். டம்ளரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டாம், பெண் கேட்டு வருகிறவர்களும் வாசலோடு திரும்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னிடமே டஸ்ட் என்றுதான் சொன்னார். அப்படியானால் ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி எதற்கு என்றேன். சத்து ஊசியாம்.

ஷிப்ட் முடிந்து தினமும் ஊசிக்கு வரிசையில் நிற்க அவருக்கு அலுத்துவிட்டது. இருமல் நின்று சோறு இறங்கியதும் ஊசியை விட்டுவிட்டார். “நல்லாத்தானே கீறேன், இன்னாத்துக்குக் குத்திக்கணும்?” என்றார்.

மழைக்காலத்தில் இருமல் திரும்பியது. நெஞ்சு கெட்டால் எங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறிச் சொந்த ஊர்க் காற்றுக்குப் போவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். இவரும் வேலூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அவர் பக்கத்திலேயே பாய் போட்டு, இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தாராம்.

இவர் கொஞ்சம் தேறித் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் அந்த அக்கா எலும்பும் தோலுமாக எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் அதே ஊசி. போடப் போட இன்னும் இளைத்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்தே என் இடுப்பு விட்டுப்போனது. சளியைப் பரிசோதனைக்குப் பெங்களூருக்கு அனுப்பிய டாக்டர், ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

“இந்த ஊசிக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாதும்மா. ஊசியைப் பாதியில விட்ட யாருகிட்டேயிருந்தோ தொத்தியிருக்கு. வீட்ல யாருக்காவது டிபி இருந்துதா?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவரையும் வார்டில் படுக்க வைத்தார்கள். அக்காவுக்கு வேறு மருந்து வந்தது, வயிற்றில் தங்கவில்லை. “எனுக்காக அலையாத தம்பி, நீ ஒடம்பப் பாத்துக்க” என்று அவரைத் தேற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை என் வீட்டுக்காரர் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அக்கா ஊரில் நடந்த காரியத்துக்கு நான் மட்டும் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அங்கே படுத்திருந்தபோது கூடவே இருந்து கஞ்சி ஊட்டியது அந்த அம்மாளின் மருமகள்தான்.

“மருமவளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குதும்மா. உங்க ஊர்ல நல்ல ஊசி போடறாங்களாமே, அவளையும் உன்னோட இட்டுனு போறியா?” என்றார்.