முதலாளியின் மூக்கு மேல் ஒரு மடிப்பு

கடலூர் அச்சகத்தில் டிசைன் செய்தவருக்குக் கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட், வடை சுற்றி வந்த பேப்பர், எது கிடைத்தாலும் மூன்றாக மடித்து நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். முகத்தில் மட்டும் சிரிப்பே இருக்காது.

சிதம்பரத்தில் நான் பாடம் எடுத்த கம்ப்யூட்டர் சென்டருக்கு மூன்றாக மடிக்கிற நோட்டீஸ் அடிக்க முதலாளியும் நானும் போயிருந்தோம். உள்பக்கத்தின் நடுப்பகுதி முழுக்கத் தன் போட்டோதான் வேண்டும் என்று அவர் ஒரே பிடிவாதம். பாடங்களின் பட்டியல் இல்லாமல் எவன் வந்து சேருவான்?

டிசைனர் வாதாடவில்லை. போட்டோவோடு ஒரு பிரிண்ட் எடுத்து நீட்டினார்.

"சரிபாதியா மடிச்சுப் பாருங்க சார்."

முதலாளி மடிக்கப் போய் நின்றுவிட்டார். "என்னய்யா, மூக்கு மேலயே மடிப்பு வருது!"

"ஆமா சார். வாங்குறவன்லாம் அங்கதான் நகத்த வச்சு இழுப்பான்."

முதலாளி தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "போட்டோ வேணாம். பாடத்தையே போட்டுடுங்க."

அச்சான நோட்டீஸ்களை வாங்க நான் மட்டும் போனேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாக மடித்ததில் இரண்டு மடிப்பும் பக்கவாட்டில் விழுந்திருந்தன. நடுவில் மடிப்பே இல்லை.

"அண்ணே, இதுல மூக்கு தப்பிச்சிருக்குமே?"

"அத அவுரு கேக்கலையே," என்றார், என் பஸ் டிக்கெட்டை வாங்கி மூன்றாக மடித்தபடி.

இன்றும் யாராவது நோட்டீஸ் நீட்டினால் விரித்துப் பார்க்கிறேன். நடுவில் ஒரு முதலாளி சிரித்தால், பாவம், இவர்களுக்கு அந்த டிசைனர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.