வலப்பக்கம் வைத்தவை

யுத்தம் கடலைக்கூடச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தடியில் வழக்குப் பேசும் அப்புக்காத்தர் ஒருவரின் கந்தோரில் நான் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர்.

ஒரு காலை, நோர்வேக் கப்டன் ஒருவர் வந்து மேசையில் கடதாசி ஒன்றை விரித்தார். தன் சிறு கப்பலுக்குத் தானே சொந்தக்காரர். நாட்டை ஜெர்மன்காரன் பிடித்தபின் கடனில் முறிந்து வங்குரோத்தாகிப் போனவர். கப்பல் விற்றாயிற்று. மிச்சக் கடனுக்கு அவரிடம் எஞ்சியிருந்த கப்பல் மணிக்கூட்டையும் செக்ஸ்டன்டையும் கேட்டு வழக்கு வைத்திருந்தார், விறகும் மரக்கறியும் கொடுத்த கிண்ணியா வியாபாரி. சூரியனைப் பார்த்துக் கடலில் இடம் அறியும் அந்தப் பித்தளைக் கருவி போனால், வேறு கப்பலில் கப்டனுக்கு உத்தியோகம் கிடையாது.

கடதாசியில் இருந்தது அவர் நாட்டு வங்குரோத்துச் சட்டம்; அதையும் பார்ப்பதாக நீதவான் சொல்லியிருந்தார். முறிந்தவனிடம் எவற்றைப் பறிக்கக்கூடாது என்ற பகுதி.

"தம்பி, இதைப் பத்து மணிக்குக் கோட்டிலை இங்கிலீசிலை குடுக்கவேணும்," என்றார் அப்புக்காத்தர் ஐயா.

அகராதி இல்லை. கப்டனின் ஆங்கிலம் காற்றுக்கும் சரக்குக்கும் போதும், சட்டத்துக்குக் காணாது. ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்துவிட்டு, அறைச் சாமான்களைப் பிரிக்கத் தொடங்கினார். கதிரை இடப்பக்கம்: எடுக்கலாம். சுவர்ப்படமும் அப்படியே. என் பேனையை மட்டும் வலப்பக்கம் வைத்து, என் நெஞ்சைத் தொட்டார். இன்றைக்கும் பேனையை மேசையில் எந்தப் பக்கம் வைப்பதென்று கை தடுமாறுகிறது.

உடுப்பு, படுக்கை, பிழைக்கும் கருவி என்று எழுதிக்கொண்டு போனேன்.

"கப்பலோட்டுற கருவியள் எல்லாம் எண்டு எழுதும். அந்தக் கப்பல் மணிக்கூடும் தப்பட்டும். இங்கை ஆருக்கு நோர்வேப் பாசை தெரியும்?" என்றார் ஐயா.

எழுதினேன். வாசித்துக் காட்டியதும் கப்டன் அந்த வரியை வெட்டினார். மேசை மணிக்கூட்டைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். வேலை தருகிற கப்பலில் மணிக்கூடு இருக்கும், செக்ஸ்டன்ட் மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார்.

"இந்த மனுசனுக்கு விசரோ?" என்று தலையைத் தொட்டுக் காட்டினார் ஐயா.

கோட்டு வாசலில் வியாபாரி என்னைப் பிடித்துக்கொண்டார். "கப்பலும் போச்சு. இனி எனக்கு இவர்ர தாடியையா தரப்போறாரு?"

நீதவான் என் ஆங்கிலத்தை இரண்டு தரம் வாசித்தார். செக்ஸ்டன்ட் கப்டனுக்கு. மணிக்கூடு வியாபாரிக்கு.

வேறொரு கப்பலில் வேலை கிடைத்துப் புறப்படும் நாளில், கப்டன் என்னையும் கூட்டிக்கொண்டு வியாபாரியின் கடைக்குப் போனார். வெங்காயச் சாக்குகளுக்கு மேலே அந்த மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. கப்டன் தன் கைமணிக்கூட்டைக் கழற்றி, அதன் திருகைப் பிடித்தபடி மேலே பார்த்தார்.

"நேரம் வெக்கப் போறாரோ?" என்று வியாபாரி என்னைக் கேட்டார்.

"ஓம் நானா."

வியாபாரி தன் சாரத் தலைப்பால் மணிக்கூட்டின் கண்ணாடியைத் துடைத்து, முகப்பைக் கப்டன் பக்கம் திருப்பி வைத்தார்.